வாலைப் பார்த்த அரிவாள்

1

கனடாவுக்கு வந்து மூன்று வருடம் முடிந்த நாளில், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மகளுடைய கன்றுக்குட்டியின் படத்தைப் போட்டேன். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல நல்ல சேதியாக ஒன்று இருக்கட்டுமே என்றுதான் போட்டேன். அந்தப் படத்தால், கன்று எங்களுடையதே இல்லை என்பது வெளியே வந்துவிட்டது. என் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். சித்தப்பாவோ, பல வருடங்களுக்குப் பிறகு பேசத் தொடங்கினார்.

எதிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியும் என்று யோசித்து இரண்டு முறை அழித்துவிட்டேன். காற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் கணவர் முரளிக்குக் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவரை, அதே வேலைக்காக ஒரு நிறுவனம் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தெற்கே கூட்டி வந்தது. இங்கேயும் மலையடிவாரம்தான். துணியைக் கொடியில் போட்டால் அடுத்த பண்ணையில் போய்ப் பொறுக்க வேண்டிய காற்று. எங்கள் ஒரே மகள் ஆதிரைக்கு அப்போது நான்கு வயது. பள்ளியில் சேர்க்கப் போனபோது, இவள் எங்கள் ஊரில் எல்.கே.ஜி. ‘பாஸ் அவுட்’ ஆனவள் என்று பெருமையாகச் சொன்னேன். ஆசிரியை பதறிப்போய், மருத்துவரிடம் காட்டினீர்களா என்றார். இங்கே அதற்கு மயங்கி விழுவது என்று அர்த்தமாம். அன்றிலிருந்து பள்ளிக்கு எதைச் சொல்வதானாலும் வீட்டில் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். ஆதிரை தமிழில் சொல்வதை எல்லாம் புரிந்துகொள்வாள். பதில் ஆங்கிலத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பாவும் அம்மாவும் வந்தால் “ஹாய் தாத்தா, பை தாத்தா” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அதட்டினால் தமிழே வெறுத்துப்போகுமோ என்று பயம். அதட்டாவிட்டால் தமிழே வராதோ என்றும் பயம். ஒரு நாள் அதட்டுவேன், ஒரு நாள் விட்டுவிடுவேன்.

2

நாங்கள் குடியிருப்பது ஒரு மாட்டுப் பண்ணையின் ஓரத்தில் உள்ள வாடகை வீடு. பண்ணைக்காரி ஷானாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாகக் கதவைத் தட்டுவாள். போன வசந்தத்தின் தொடக்கத்தில், பனி இன்னும் கிடக்கும்போது அப்படித் தட்டினாள். அவளுடைய வண்டியின் முன்சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு கிடேரிக் கன்று உட்கார்ந்திருந்தது. தாய் ஈன்றதும் செத்துவிட்டதாம். புட்டியில் பால் கொடுக்க ஆள் இல்லை, உன் மகள் பள்ளி விட்டு வந்து சும்மாதானே இருக்கிறாள், வளர்த்தால் அவளுக்கே என்றாள்.

கன்றிலிருந்து பிள்ளைகளுக்கு என்னென்ன நோய் வரும் என்று நான் கைபேசியில் தேடி முடிப்பதற்குள் ஆதிரை அதற்கு மஃபின் என்று பெயர் வைத்துவிட்டாள். வாளி சைஸுக்கு ஒரு புட்டி. காலையில் பள்ளிக்கு முன்னால் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாயா என்று நான் கேட்பது மஃபினுக்கே பழகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் பால் முடிந்தது என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

கோடை வந்தால் இங்கே பல பண்ணைகளின் மாடுகளை ஒன்றாக மலைப்பக்கப் பொதுமேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு கன்றுக்கும், யார் மாடு என்று தெரிய, இடது பின்தொடையில் காய்ச்சிய இரும்பால் சூடு போட வேண்டும். சூடு இல்லாத கன்றை ‘என்னுது’ என்று யாரும் சொல்ல முடியாது. ஷானா தன் பண்ணைச் சூட்டையே போடத் தயார். ஆனால் போட்டுவிட்டால் ஊர் கண்ணுக்கும் சட்டத்துக்கும் மஃபின் ஷானாவின் மாடு என்பதையும் அவளே சொன்னாள். சொந்தமாக ஒரு சூட்டைப் பதிவு செய்துகொள், பெரிய காரியமில்லை என்றாள்.

இங்கே சூட்டை வாசிக்க ஒரு முறை இருக்கிறது. எழுத்து படுத்துக் கிடந்தால் அதற்குச் சோம்பேறி எழுத்து என்று பெயர். ஷானாவின் பூட்டன் காலத்திலிருந்து அவர்களுடையது படுத்த ‘ஜே’. வந்த புதிதில் அவள் “நாங்கள் சோம்பேறி ஜே குடும்பம்” என்றபோது, இவ்வளவு உழைக்கிறவள் எதற்குத் தன்னைத் தானே இப்படி மட்டம் தட்டிக்கொள்கிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஊர்ப் பொதுமண்டபத்தின் சுவர்ப் பலகையில் எல்லாக் குடும்பங்களின் சூடும் எரித்துப் பதித்திருக்கும். எந்தச் சூடு எந்த அண்ணன் தம்பி பிரிந்தபோது இரண்டானது, எது எந்தப் பெண்ணோடு எந்தப் பண்ணைக்குப் போனது என்று அவர்கள் அதைப் பார்த்துத்தான் சொந்தம் சொல்வார்கள்.

ஆதிரை அந்தப் பலகையைப் பள்ளியோடு போய்ப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், நம்முடையது எது?

முரளி போடி கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளை. “எங்க வீட்டுலயும் முத்திரை இருக்கு, மூட்டை மேல மையால அடிப்போம். வேணும்னா அதைப் போட்டுக்க, கன்னு பூராவும் வாசமா இருக்கும்” என்றார். ஆதிரை சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சூடு உண்டு.

3

எங்கள் வீடு சின்னமனூருக்குக் கிழக்கே, மேகமலை அடிவாரத்தில். மலைமாட்டுக்காரர்கள் என்றால் எல்லோருக்கும் தெரியும். மலைமாடு பாலுக்கு இல்லை. கன்று குடித்தது போக மிஞ்சினால்தான் உண்டு. வருடத்தில் பாதி நாள் மலையில் மேயும். அறுப்பு முடிந்ததும் கீழே இறக்கிக் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களில் இரவுக்கு இரவு அடைத்துக் கிடை போடுவார்கள். சாணமும் கோமியமும் அடுத்த நெல்லுக்கு உரம். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். அப்பா இன்றும் அதைத்தான் செய்கிறார். இப்போது கிடைக்கு முன்பதிவெல்லாம் கைபேசியில் நடக்கிறது.

மலையில் பல வீட்டு மாடுகளும் கலந்துதான் மேயும். அதனால் வீட்டுக்கு ஒரு சூடு. அதற்கான சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. வேறு வீட்டுச் சூடு உள்ள மாடு உன் மந்தையில் வந்து சேர்ந்தால் விரட்டக் கூடாது. உன் மாட்டோடு அடைத்து, ஆள் சொல்லி அனுப்ப வேண்டும். மாட்டை விற்றால் சூட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடு இல்லையென்றால் அது யார் தொழுவத்தில் நின்றாலும் சூட்டுக்காரன் மாடுதான். இங்கேயும் அதே கோட்டைத்தான் இழுக்கிறார்கள் என்று ஷானா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாடு திருடுகிறவன் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறான்.

எங்கள் வீட்டுச் சூடு அரிவாள். முதல் தடவை சூட்டுக்கோல் கைக்குக் கிடைக்காமல் கதிர் அரிவாளையே காய்ச்சிப் போட்டார்கள் என்று அப்பா சொல்வார். கல்யாணத்தில் வந்த பெண்ணின் ஊர் அடையாளம் அது என்று சித்தப்பா சொல்வார். எது சரி என்று எனக்குத் தெரியாது. தாத்தா மந்தையைப் பிரித்தபோது இரண்டு மகன்களும் அரிவாளை விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு அரிவாள் வைத்துக்கொண்டார்கள். அப்பா மலைக்கு இந்தப் பக்கம் இருந்துவிட்டார். சித்தப்பா மலைக்கு அந்தப் பக்கம், மயிலாடும்பாறைக்குப் போனார். இரண்டு அரிவாளுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டதே இல்லை. சித்தப்பாவுடையதில் ஒரு புள்ளி கூட இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். சூடு போடும் நாளில் எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளைக் கிடைக்குக் கூட்டிப் போவதில்லை. மலைமாடு கிட்டத்தில் ஆளை அண்டவும் விடாது. அதனால் நான் பார்த்ததெல்லாம் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் சூட்டுக்கோலைத்தான். மாட்டுப் பொங்கலுக்கு அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைப்பது என் வேலை.

நான் அப்பாவுக்கு ஒரே பிள்ளை. சூடு மகன் வழியாகப் போவது வழக்கம். என் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் மேய்ச்சல் எல்லையைப் பற்றி அண்ணன் தம்பிக்குள் ஏதோ பேச்சு வந்திருக்கிறது. சித்தப்பா நான்கு பேர் நடுவில் சொல்லிவிட்டார்: “அண்ணனுக்குப் பெறகு ரெண்டு அரிவாளும் எங்க பக்கம்தான வரப்போகுது, இப்ப எதுக்குச் சண்டை?” சமாதானமாகப் பேசுவதாக நினைத்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அப்பா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு தம்பியோடு எதுவுமே பேசவில்லை. சித்தப்பா என் கல்யாணத்துக்கு வந்தார், வெளியூர் விருந்தாளி மாதிரிச் சாப்பிட்டார், மொய் எழுதினார், போய்விட்டார்.

ஆதிரை கேட்ட கேள்வியை நான் அப்பாவிடம் கொண்டுபோனால், என்ன கேட்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. மகன் இல்லாத வீட்டின் அரிவாளை மகளின் மகளுக்குக் கொடுப்பீர்களா?

4

இங்கே காலை, அங்கே சாயங்காலம். கேட்டேன். அப்பா, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். கேட்டிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்கக் குழம்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் அம்மாவிடமிருந்து சேதி வந்தது.

“உங்கப்பா நேத்துலேருந்து சூட்டுக்கோலை எறக்கி வச்சுத் தொடைச்சுக்கிட்டே இருக்காக. எண்ணெயெல்லாம் போடுறாக. என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாக.”

அதற்கு அடுத்த நாள் அவரே கூப்பிட்டார். “போடட்டும் ஆத்தா. எனக்குப் பெறகு ஆரு எடுக்கப்போறா இந்தக் கோலை” என்றார். சொல்லிவிட்டு, கன்று கிடேரிதானே, இடது தொடைதானே, அங்கன நெருப்பு எப்படிப் போடுவார்கள் என்று விவரமாகக் கேட்டார். அவ்வளவு உற்சாகமாக அவர் என்னிடம் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது.

பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். நான் எதையும் ஒரு தடவையில் அனுப்புகிறவள் இல்லை. நினைவிலிருந்து அரிவாளை வரைந்தேன். வளைந்த அலகு, குட்டையான பிடி. அது சரியா என்று அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அப்பா கையில் சூட்டுக்கோலை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துச் சொன்னார்: “சரியா இருக்கு ஆத்தா. அச்சு அசலா இருக்கு.” முரளி பார்த்தார். மறுபடி நான் பார்த்தேன். அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, இதைக் கால் வட்டம், அடியில் ஒரு கோடு என்று பதியலாமா என்று கேட்டார். இது கதிர் அறுக்கும் கருவி என்று விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கால் வட்டம், அடியில் ஒரு கோடு என்றே பதிந்தார். அதே மாதிரி வேறு யாருடையதும் மாகாணத்தில் இல்லையாம். வேறு எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

5

சூடு போடும் நாள் இங்கே திருவிழா மாதிரி. அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து எல்லோரும் வந்துவிடுவார்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவதில்லை. ஆளுக்கொரு வேலை கொடுக்கிறார்கள். ஆதிரையைக் கூட்டிப் போகலாமா வேண்டாமா என்று முதல் நாள் முழுக்க யோசித்தேன். அவள் மாடு, அவள் நிற்க வேண்டாமா என்றாள் ஷானா. ஊரில் என்னைத் தள்ளி நிறுத்தியது நினைவுக்கு வந்தது. கூட்டிப் போனேன்.

மஃபினின் முறை வந்தபோது ஆதிரை அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். புது இரும்பு கொஞ்ச நேரம்தான் பட்டது. முடி கருகும் வாடை. மஃபின் ஒரு தடவை கத்தியது. ஆதிரையின் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் கையை எடுக்கவில்லை. பிறகு மஃபின் எழுந்து, எதுவும் நடக்காத மாதிரி என் துப்பட்டாவைச் சப்பத் தொடங்கியது. நான்தான் அழுதேன். ஷானா என் முதுகில் தட்டி, முதல் தடவை எல்லா அம்மாக்களும் அழுவார்கள் என்றாள். அவள் சொன்னது கன்றின் அம்மாவையா என்னையா என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று மத்தியானமே படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். மஃபினின் இடது பக்கம், புது அரிவாள், அதைக் கையால் காட்டிக்கொண்டு ஆதிரை. மறுநாள் காலை எழுந்து பார்த்தால் முதல் பதில் சித்தப்பா மகன் குமரேசனுடையது. அண்ணன் தம்பி பேசாவிட்டாலும் இரண்டு வீடும் ஒரே குழுவில்தான் இருந்தோம். யாரும் யாருக்கும் பதில் போட மாட்டோம். முதல் தடவையாக அவன் குரல் பதிவு அனுப்பியிருந்தான்.

“அக்கா, எங்க மாடு கனடாவுல என்னக்கா பண்ணுது?”

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். எனக்குப் புரியவில்லை. அதற்குள் அப்பா கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

“நீ இரும்பைப் பார்த்துல்ல வரைஞ்சிருக்க ஆத்தா.”

அப்புறம்தான் விளங்கியது. ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து திரும்பி இருக்கும்; தாளில் பட்டால்தான் நேராக விழும். சூட்டுக்கோலும் அப்படித்தான். சுவரில் நான் பார்த்து வளர்ந்தது திரும்பிய அரிவாள். மாட்டில் விழும்போது எங்கள் அரிவாளின் வாய் தலையைப் பார்க்கும். நான் இரும்பில் இருந்ததை அப்படியே வரைந்தேன். அப்பா, நான் இரும்பைத்தான் வரைந்து அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து, இரும்போடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்றார். இரண்டு பேரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறோம். இங்கே செய்த புது இரும்பு, நான் தாளில் வரைந்ததைக் கன்றின் மேல் அப்படியே போட்டுவிட்டது. மஃபினின் தொடையில் அரிவாளின் வாய் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாலைப் பார்த்த அரிவாள் சித்தப்பாவுடையது. இரண்டு வீட்டு அரிவாளுக்கும் வித்தியாசம் அவ்வளவுதானாம்.

நான் படித்தது இயற்பியல். கண்ணாடி பிம்பத்துக்கு மட்டும் ஒரு முழுப் பாடம் உண்டு, நல்ல மார்க்கும் வாங்கினேன்.

6

“சரி விடு” என்று அப்பா போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறு வீடியோவில் அம்மா மட்டும்தான் வந்தார். அப்பா கிடைக்குப் போயிருக்காக, அப்பா குளிக்கிறாக என்று ஏதாவது சொல்வார். ஒரு தடவை மெதுவாகச் சொன்னார்: சூட்டுக்கோலை மறுபடி ஆணியில் மாட்டியிருக்கிறாராம், ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி.

தன் அரிவாள் யாருக்கும் போகாது என்று பல வருடமாக மனதில் வைத்திருந்தவர், அதைப் பேத்திக்குக் கொடுக்கத் துணிந்தார். நான் அதைக் கொண்டுபோய்த் தம்பி வீட்டு அரிவாளாகப் போட்டுவிட்டேன்.

ஷானாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வழியும் சொன்னாள். சூட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சரியான அரிவாளாக இன்னொரு சூடு. பதிவைத் திருத்திக்கொள்ளலாம், பொதுமேய்ச்சலுக்கு ஓட்ட இன்னும் நாள் இருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆதிரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தமிழில் சொன்னாள். வழக்கமாக அவளிடமிருந்து தமிழ் வராது, அதனால் எனக்கு அது தனியாகக் கேட்டது.

“அவளுக்கு மறுபடி வலிக்கும்மா.”

இரண்டு நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. போட்டால் என் மகள் கையால் பிடித்துக்கொண்டிருந்த கன்று இன்னொரு தடவை கத்தும். போடாவிட்டால் அப்பா. முரளியிடம் கேட்டால், “எங்க கடையா இருந்தா மூட்டையை மாத்திக் கட்டிருவோம். இது உங்க வீட்டுப் பஞ்சாயத்து, நீயே முடிவு பண்ணு” என்றார். யாராவது எனக்காக முடிவு செய்து தந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் நான் எப்போதும் நினைப்பேன். இந்தத் தடவை அப்படி யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் கூப்பிட்டு, அப்பாவிடம்தான் பேச வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். வந்தார். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். “அப்பா, அந்தக் கன்னுக்கு ரெண்டாவது சூடு போட மாட்டேன். உங்களுக்கு வருத்தமா இருந்தாலும் சரி.”

 அந்தப் பக்கம் கன்றுகள் கத்துவது கேட்டது.

“போடச் சொன்னது ஆரு?” என்றார். “பால்குடி மறக்காத கன்னு. அதுக்கு ரெண்டு சூடா? நம்ம வீட்டுல அப்படிப் போட்டதே இல்லையே.” பிறகு சொன்னார்: “ஆனா சூடு அவன் சூடு. மாடு அவன் மாடு. அதை நான் மாத்த முடியாது. நீ அவன்கிட்டத்தான் கேக்கணும்.”

தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவரைப் பற்றி அப்பா பேசி நான் கேட்டது, கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

குமரேசனிடம் எண் வாங்கிச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும், யார் என்று கேட்காமலே ஆரம்பித்தார்.

“ஏத்தா, மாடு ஆரு மாடு?”

“உங்க மாடு சித்தப்பா.”

“தெரியுதுல்ல? அப்ப எப்ப லாரியில ஏத்தி அனுப்புற?”

உயிருள்ள கன்றை விமானத்தில் அனுப்ப என்னென்ன தடுப்பூசிச் சான்று வேண்டும் என்று ஒரு நொடி நான் நிஜமாகவே யோசித்துவிட்டேன். சான்றைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்தபின் குரல் மாறியது.

“நான் அன்னைக்கு வாயை விட்டேன் ஆத்தா. ரெண்டு அரிவாளும் எங்க பக்கம்னேன். இப்பப் பாரு, என் அரிவாளும் சேர்ந்து உங்க பக்கம்ல வந்து நிக்கிது. கடல் தாண்டி, ஒரு பொம்பளப் பிள்ளை கையில.”

மாடு தன்னுடையதுதான், அதில் மாற்றம் இல்லை என்றார். ஆனால் ஆதிரை அதை வாரத்துக்கு வளர்க்கலாம். ஒருத்தர் மாட்டை இன்னொருத்தர் வளர்த்து, ஈனும் கன்றைப் பங்கு போட்டுக்கொள்வதற்கு எங்கள் பக்கம் வாரம் என்று பெயர். முதலில் போடும் தலைக்கன்று வளர்க்கிறவருக்கு.

“தலைக்கன்னு பாப்பாவுக்கு. அதுல அண்ணன் அரிவாளைப் போடு. இந்தத் தடவையாவது மாட்டைப் பார்த்துப் போடு, இரும்பைப் பார்த்துப் போட்றாத. இன்னொண்ணு. வாரம்னா வளக்குற வீட்டுல பெரியாளு ஒருத்தரு எனக்குச் சொல் குடுக்கணும். அது ஆருன்னு ஒனக்கே தெரியும். அவுக பேசலேன்னா மாட்டை நான் திருப்பிக் கேப்பேன், ஆமா.”

அப்பாவிடம் அப்படியே சொன்னேன், மிரட்டல் உட்பட. “அவன்கிட்ட நான் பேசணுமாக்கும்” என்றார். பேச மாட்டேன் என்று சொல்லவில்லை.

7

பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனில் பேசுவதற்கு அப்பா சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாராம். எப்படி இருக்கே, சௌக்கியமா என்றெல்லாம் இல்லை. எடுத்ததுமே, அந்தக் கன்னு ஒரு நாளைக்கு எம்புட்டுப் பால் குடிக்கிதுன்னு ஒனக்குத் தெரியுமா, அம்புட்டையும் என் பேத்திதான் குடுக்குறா, தலைக்கன்னு மட்டும் எப்படிப் பத்தும் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா, என் சூட்டை இலவசமாப் போட்டுக்கிட்டீகளே, அதுக்கு என்ன கணக்கு என்றிருக்கிறார். காபி ஆறிப்போகும் வரை சண்டை. சொல் கொடுத்தாரா என்று கேட்டேன். குடுத்தாக, ஆனா சண்டைக்கு நடுவுல குடுத்தாக என்றார் அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவைப் போட்டால், அப்பாவுக்குப் பக்கத்தில் சித்தப்பா. மயிலாடும்பாறையிலிருந்து ஆண்டிபட்டி, தேனி என்று பஸ் மாறி வந்திருக்கிறார். இரண்டு பேரும் என்னை நலம் விசாரிக்கவில்லை. கன்றைக் காட்டச் சொன்னார்கள். கைபேசியோடு வேலிக்குப் போனேன். ஆதிரை மஃபினின் பின்தொடையைத் திருப்பிக் காட்டப் படாதபாடு பட்டாள். மஃபின் ஒவ்வொரு தடவையும் முகத்தையே கொண்டுவந்து திரையில் நுழைத்தது. கடைசியில் தெரிந்தது. சூடு நன்றாக ஆறி, முடி இல்லாத தழும்பாக, தெளிவாக இருந்தது.

“நல்லா விழுந்திருக்கு” என்றார் சித்தப்பா.

“வாலைப் பார்த்து” என்றார் அப்பா.

பிறகு என்னை மறந்துவிட்டார்கள். தலைக்கன்று கிடேரியாக இருந்தால் யாருக்கு, காளையாக இருந்தால் யாருக்கு. இரட்டைக் கன்று போட்டால் எந்த அரிவாள் எதில். இரண்டாம் கன்றின் வாரம் பாதியா முழுசா. தாத்தாவே அப்படித்தான் வைத்திருந்தார் என்று ஒருவர், அப்ப நீ எங்க அங்கன இருந்தே என்று இன்னொருவர். ஆதிரை கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

“தாத்தா, சின்னத் தாத்தா,” என்றாள் தமிழில், ஆசிரியை வகுப்பில் பேசுவதைப் போல நிறுத்தி நிறுத்தி. “மஃபினே இன்னும் பாப்பாதான்.”

சண்டை அத்தோடு நின்றது. அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

“அது கன்னு போட எம்புட்டு நாளாகும்?” என்று சித்தப்பா கேட்டார், தெரியாதவர் மாதிரி.

“ரெண்டு வருசம், கூடவும் ஆகும்” என்றார் அப்பா.

“அப்ப ரெண்டு வருசத்துக்குப் பேச விசயம் இருக்கு.”

அப்பா அவரைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்து, இங்கன ரெண்டு காபி கொண்டா என்று அம்மாவிடம் சொன்னார்.